பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

துப்பறியும் கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பிணம் கிடக்கிற இடத்திலேயே ஒரு தடயத்தையும் போட்டு வைக்கலாம். கணிப்பொறிக்குள் துப்பறிகிறவர்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அங்கே கொலை ஓரிடத்தில் நடக்கிறது. பிணம் வேறிடத்தில் விழுகிறது.

கணிப்பொறியை ஆளும் இயக்கமுறையின் உட்கருவைக் ‘கர்னல்’ என்கிறார்கள். நினைவகத்தில் யாருக்கு எந்த இடம் என்று பங்கிடுவது அதன் வேலைகளில் ஒன்று. சத்திரத்து மணியகாரர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒருவர் காலி செய்த அறையை மறுகணமே இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார். போனவர் பழைய சாவியோடு திரும்பி வந்து அறையைக் கலைத்துவிட்டுப் போனால், அலறுவது புதிதாகக் குடிவந்தவர்தான். ஓடி வருகிறவர்கள் சந்தேகிப்பதும் அவரைத்தான்.

2008-இல் இப்படி ஒன்று நடந்தது. லினக்ஸ் கர்னலின் 2.6.27 என்ற பதிப்பு அப்போது சோதனையில் இருந்தது. அதை ஓட்டிப் பார்த்த சிலருடைய கணிப்பொறிகளில் இன்டெல் கம்பெனியின் நெட்வொர்க் அட்டை செத்துப்போயிற்று. அணைத்து மறுபடி போட்டாலும் பிழைக்கவில்லை. அட்டை தன் விவரங்களைப் பதித்து வைத்திருக்கும் நிரந்தர நினைவகமே பாழாகியிருந்தது. நிரலில் பிழை என்றால் திருத்திக்கொள்ளலாம். இது சாமானையே கெடுத்துவிட்டது!

பழி உடனே அந்த அட்டையை இயக்கும் ‘இ1000இ’ என்ற டிரைவர் நிரலின் மேல் விழுந்தது. சேதமானது அதன் வீடு அல்லவா? திருடன் யாரென்று தெரியுமுன்பே, அந்த நினைவகத்தில் யாரும் எழுத முடியாதபடி ஒரு பூட்டைத் தயார் செய்தார்கள்.

கடைசியில் அகப்பட்டது யார் தெரியுமா? ‘எஃப்டிரேஸ்’. கர்னலுக்குள் எந்தக் காரியம் எப்போது நடக்கிறது என்று கவனித்துச் சொல்வதற்கென்றே எழுதப்பட்ட நிரல். உளவுகாரனே குற்றவாளி!

அவன் கையில் விலாசங்கள் எழுதிய ஒரு குறிப்பேடு உண்டு. சில நிரல் பகுதிகள் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை ஓடிவிட்டு, இடத்தைக் காலி செய்துவிடும். ஆனால் குறிப்பேட்டில் அந்த விலாசம் அடிக்கப்படாமல் நின்றுவிட்டது. பிறகு அதே விலாசத்தில் அட்டையின் நிரந்தர நினைவகம் குடியேறியது. குறிப்பேட்டை நம்பி உளவுகாரன் போய்க் கதவைத் தட்டினான். ‘பழைய ஆள் இருந்தால் மாற்று, இல்லாவிட்டால் பேசாமல் வந்துவிடு’ என்பதுதான் அவனுக்கு இட்ட கட்டளை. சாதாரண நினைவகமாக இருந்தால் பாதகமில்லை. இங்கேயோ, தட்டியதே வினையாயிற்று.

எஃப்டிரேஸை எழுதிய ஸ்டீவன் ராஸ்டெட், நேர்ந்தது என்னவென்று தாமே விளக்கினார். அக்டோபரில் வந்த 2.6.27.1 திருத்தத்தில் எஃப்டிரேஸின் அந்தப் பகுதியை நிறுத்தி வைத்தார்கள்.

2015-இல் 4.0 பதிப்போடு ‘கேசன்’ என்றொரு காவல்காரன் லினக்ஸுக்கு வந்தான். நினைவகத்தில் எட்டு பைட்டுக்கு ஒரு பைட் வீதம் தனியே ஒரு நிழல் கணக்கு வைத்திருப்பான். காலியான அறையில் யாராவது கால் வைத்தால், வைத்த கணமே கூச்சல் போடுவான். அவன் இருந்தால் கணிப்பொறி மெதுவாகத்தான் ஓடும். ஆகையால் சோதனைக்கூடத்தோடு அவனை நிறுத்திக்கொள்கிறார்கள்.

அலறுகிறவன் மேலேயே குற்றத்தைச் சுமத்த மனிதருக்கு எவ்வளவு அவசரம்! கேசன் அப்படிச் செய்வதில்லை. அவன் தரும் அறிக்கையில், அகப்பட்டவன் பெயரோடு இரண்டு விவரங்களையும் சேர்த்து எழுதுகிறான்: இந்த அறையை முதலில் வாங்கியது யார்? காலி செய்தது யார்?