கடல் எடுத்துக்கொண்ட பாதை

கைவிடப்பட்ட இரயில் பாதைகளை நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்குமான வழிகளாக மாற்றுவது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் சுமார் 150 கி.மீ. நீளமுள்ள அத்தகைய வழி 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி வண்டி 2011 ஜூன் 30 அன்று கிளம்பிச் சென்றது. அந்தத் தடம் இன்று 24 கி.மீ. நீளப் பசுமை வழி. இரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதற்காக மனிதர்கள் குன்றை வெட்டி, பள்ளத்தை மேடாக்கி வைத்த சமதளம், இரயில் போன பிறகு மிதிவண்டிக்காரனுக்குச் சீதனமாகக் கிடைக்கிறது.

நம்மிடம் இதற்கு நெருங்கிய ஒன்று உண்டென்றால் அது தனுஷ்கோடிச் சாலைதான். கறாராகச் சொன்னால் அது இரயில் மேட்டின் மீது போட்ட வழி அன்று. மறைந்துபோன இருப்புப் பாதைக்குத் துணையாக ஓடும் நெடுஞ்சாலை. முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் அரிச்சல்முனை வரையிலான சுமார் 9.5 கி.மீ. 2017-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் வேன்களும் ஜீப்புகளும் மணலில் தடுமாறியபடி ஆட்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே தனுஷ்கோடி ஒரு வாசற்படி ஆயிற்று. எழும்பூரிலிருந்து கிளம்பும் போட் மெயில் தனுஷ்கோடித் துறை வரை வரும். அங்கிருந்து நீராவிக் கப்பல் தலைமன்னாருக்கு. மறுபடியும் இரயில், கொழும்புக் கோட்டைக்கு. ஊரில் இரயில் நிலையம், சுங்கச் சாவடி, தபால் நிலையம், பள்ளி, தேவாலயம் எல்லாம் இருந்தன. அந்நாளில் பிரதான பாதை தனுஷ்கோடிக்கே சென்றது. இராமேஸ்வரம் பாம்பனிலிருந்து பிரிந்த ஒரு கிளைதான் என்பதைப் பலர் மறந்துவிட்டோம்.

எங்கள் வீட்டில் அதை மறக்க வழியில்லை. நாங்கள் காஞ்சிபுரத்தை அடுத்த தாமலைச் சேர்ந்தவர்கள். என் தாத்தா காஞ்சிப் பட்டுச் சேலைகளை மூட்டை கட்டிக் கொழும்புக்குக் கொண்டுபோய் விற்றுவந்தவர். காஞ்சியிலிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு வண்டி, செங்கல்பட்டில் போட் மெயில். 1964 டிசம்பரில் அவர் அக்கரையில் இருந்தார்; அந்த வாரம் திரும்பியிருக்க வேண்டும்.

டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் கரையைக் கடந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653 எண் பாசஞ்சர் வண்டியை, ஊரை எட்டுவதற்குச் சற்று முன்பாக அலை மூடியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இரு நாட்டுக் கரைகளிலும் இறந்தவர்கள் சுமார் 1800 பேர் என்பார்கள். சிதைந்த பாம்பன் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் சீர்செய்தது. தனுஷ்கோடியோ மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசால் அறிவிக்கப்பட்டது. பாதை மீண்டும் போடப்படவில்லை.

தாத்தாவைப் பற்றிய செய்தி தாமலுக்கு வர பதினேழு நாட்கள் ஆயின. அந்தப் பதினேழு நாட்களும் காலையில் குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன் நின்று, பொட்டு வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று ஆத்தா யோசித்துக்கொண்டிருப்பாராம். அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தாத்தா ஊர் திரும்பினார். அதன் பிறகு அவர் கடலைக் கடக்கவேயில்லை. எஞ்சிய காலமெல்லாம் தறிக்காரர்களுக்குப் பாவு கொடுத்துச் சேலை வாங்கும் வேலையோடு நின்றுகொண்டார்.

"தண்டவாளம் ஏதாவது மிச்சமிருந்தால் தொட்டுப் பார்த்துவிட்டு வா" என்றார் அப்பா. மூட்டுவலி காரணமாக அவரால் வர இயலவில்லை.

ஆடி மாதத்தின் ஒரு காலையில் இராமேஸ்வரத்திலிருந்து மிதிவண்டியில் கிளம்பினேன். தாமல் ஏரிக்கரையில் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவன் நான். இருபுறமும் தாழ்ந்து நடுவே உயர்ந்து கிடக்கும் வழி எனக்குப் பழக்கமானது. ஆனால் இங்கே இருபுறமும் இருப்பது கடல். இடப்பக்கம் பாக் நீரிணை, அதைப் பெண் கடல் என்கிறார்கள். வலப்பக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். அந்த மாதத்தில் இடக்கடல் ஏரிபோலக் கிடக்க, வலக்கடல் கரையில் அடுக்கிய கற்களை ஓயாமல் அறைந்துகொண்டிருந்தது. சாலையில் ஏற்றமே கிடையாது, காற்றுதான் ஏற்றம். தென்மேற்கிலிருந்து பக்கவாட்டில் வந்து வண்டியைத் தள்ளும். அது கொண்டுவந்து கொட்டும் மணலில் சக்கரம் வழுக்கும்.

எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பயணம் மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. உடம்பு லேசாகி, நீலத்தின் நடுவே மிதப்பது போன்ற மகிழ்ச்சி. இத்தனை பேர் இறந்த இடத்தில் இப்படி மகிழலாமா என்ற கேள்வி கூடவே வந்தது.

இடிந்த தேவாலயத்தருகே மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் தண்டவாளம் எங்கே என்று விசாரித்தேன்.

"அதெல்லாம் எப்பவோ போயிருச்சு தம்பி. இந்தா தண்ணித்தொட்டி நிக்குதே, எஞ்சினுக்குத் தண்ணி புடிச்சது. அங்கனதான் டேசன். நீங்க நிக்கிறதுதான் ஊரு" என்றார். பிறகு, "காத்துக்காலம், மெதுவாப் போங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கத் திரும்பினார்.

வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்ட ஊரில் அவர்கள் வாழ்கிறார்கள். வலை உலர்கிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள். என் கேள்விக்கு அவர்கள் வாழ்வைவிட நல்ல பதில் கிடைக்கும் என்று தோன்றவில்லை. இறந்தவர்களுக்கு நாம் செய்யும் அவமதிப்பு மகிழ்ச்சியன்று, அறியாமல் கடந்துபோவதுதான். சுற்றுலா வண்டிகள் அரிச்சல்முனையின் அசோகத் தூணை ஒருமுறை சுற்றி, படமெடுத்துவிட்டு, மாலைக்குள் வெளியேற வேண்டும் என்ற விதியைக் காரணம் காட்டி விரைந்து திரும்புகின்றன. இங்கே ஓர் இரயில் இருந்தது என்பதையே அறியாமல் போகிறவர்கள் அவர்களில் பலர்.

அக்கரையில் போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதையில் 2015-இல் மீண்டும் இரயில் ஓடத் தொடங்கியது. இக்கரையில் 2019-இல் தனுஷ்கோடிப் பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தண்டவாளம் இன்னும் வரவில்லை. அலையும் காற்றும் மணல்திட்டை நாள்தோறும் மாற்றி எழுதும் இடத்தில் அது வரத்தான் வேண்டுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அதைவிட எளிய ஒன்றைக் கேட்கலாம். நடப்பவர்க்கும் மிதிவண்டிக்கும் சாலையோரம் ஒரு தனி வழி. அவ்வண்டி மூழ்கிய பகுதியில் அதன் எண்ணும் தேதியும் பொறித்த ஒரு கல். மிதிவண்டியின் வேகத்தில் வருகிறவன் அதைப் படிக்காமல் போக முடியாது.

தொட்டுப் பார்க்கத் தண்டவாளம் கிடைக்கவில்லை என்று அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, கடல் எந்தப் பக்கம் தெரிகிறது என்று கேட்டார். இரண்டு பக்கமும் என்றேன்.