நஞ்சின் விலையும் நொடியின் விலையும்

கற்பனை உலகப் பாத்திர ஆட்டங்களில் ஒரு நஞ்சுக்குப்பிக்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று, கடையில் எண்ணிக் கொடுக்கும் பொற்காசு. மற்றொன்று, களத்தில் அதை வாளில் பூசும் நேரத்தில் கைநழுவும் வாய்ப்பு. முதலாவது விதிநூலின் பட்டியலில் அச்சாகியிருக்கும். இரண்டாவது எங்கும் அச்சாவதில்லை. ஆயினும் குப்பி திறக்கப்படுமா என்பதை முடிவு செய்வது இரண்டாவதுதான்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு விதிநூலில் சாதாரண நஞ்சின் விலை 100 பொற்காசு. பூசுவதற்கு ஒரு முழுச் 'செயல்' செலவாகும். அதாவது அந்தச் சுற்றில் வாள் வீச இயலாது. பூசிய நஞ்சு ஒரு நிமிடம், ஆட்டக் கணக்கில் 10 சுற்றுகள், வீரியத்தோடு இருக்கும். அடிபட்டவர் உடலுறுதிச் சோதனையில் 10 என்ற இலக்கை எட்டத் தவறினால் மட்டுமே நான்முகப் பகடை தரும் கூடுதல் சேதம் சேரும். அதன் சராசரி 2.5.

உடலுறுதியில் +1 உள்ள எதிரி இச்சோதனையில் தோற்கும் வாய்ப்பு 40 விழுக்காடு. ஆகவே நஞ்சால் ஓர் அடிக்குக் கூடுவது சராசரியாக 1 புள்ளி. வலிமை +3 உடைய தொடக்கநிலைப் போர்வீரரின் நீள்வாளோ ஓர் அடிக்கு 7.5 புள்ளி தரும். இழந்த ஒரு வீச்சை ஈடுகட்ட ஏழரை வீச்சுகள் வேண்டும். பெரும்பாலான சண்டைகள் அதற்கு முன்பே முடிந்துவிடும். எதிர்ப்படுவது எலும்புக்கூடாகவோ நடைபிணமாகவோ இருந்தால் நஞ்சு சிறிதும் ஏறாது. குப்பி பையிலேயே உறங்குவதற்குக் காரணம் ஆட்டக்காரரின் கஞ்சத்தனம் அன்று; கணக்கு.

2024ஆம் ஆண்டு நூல் 'செயல்' என்பதற்கு முன் 'துணை' என்ற ஓர் அடையைச் சேர்த்தது. வாள்வீச்சை இழக்காமலே இனிப் பூசலாம். சோதனையும் நீங்கியது. ஆனால் முதல் சேதத்தோடு நஞ்சு தீர்ந்துவிடும். விலையோ அதே 100. நீள்வாள் 15 காசுக்கு விற்கும் அங்காடியில், ஆறு வாள்களின் விலைக்கும் மேலே கொடுத்துப் பெறுவது 2.5 புள்ளி. நேரத்தை மலிவாக்கிய நூல் காசை மலிவாக்கவில்லை.

அந்தத் துணைச்செயலும் எல்லோருக்கும் ஒரே மதிப்புடையது அன்று. கள்வர் பாத்திரம் இரண்டாம் நிலையிலிருந்து விரைந்தோடவும் ஒளியவும் விலகவும் அதையே நம்பியிருக்கிறது. துணைச்செயலுக்கு வேறு வேலையில்லாத போர்வீரருக்குப் பூச்சு ஏறக்குறைய இலவசம். நஞ்சோடு கதைமரபு இணைத்துப் பார்க்கும் கள்வருக்கு அதுவே செலவு. மொழியில் ஒரு குறியின் மதிப்பை அதைச் சூழ்ந்த பிற குறிகளே அமைக்கின்றன என்றார் சசூர். விதிநூலின் சொல்லுக்கும் இது பொருந்துகிறது. அச்சில் ஒன்றாக நிற்கும் 'துணைச்செயல்', ஒவ்வொரு கையிலும் வேறொரு மதிப்பைப் பெறுகிறது.

2015இல் வந்த 'விட்சர் 3' கணினி ஆட்டம் வேறு வழியில் சென்றது. வாளில் பூசும் எண்ணெயை ஒருமுறை காய்ச்சினால் போதும். பூச்சு சில அடிகளில் தேயும், எண்ணெய் தீராது. செய்முறையையும் மூலப்பொருளையும் தேடுவதில் செலவு முடிந்துவிடுகிறது. எந்த எதிரிக்கு எந்த எண்ணெய் என்ற அறிவு மட்டுமே களத்தில் தேவைப்படுகிறது.

நஞ்சின் சேதத்தை இன்னும் ஒரு பகடை கூட்டினால் போதும் என்று விதி திருத்துவோர் எண்ணுவது இயல்பு. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அந்த நொடியில் அந்தக் கை வேறு என்ன செய்திருக்கும்?