மட்டக்களப்பு வாவியில் தோணியும் தூண்டிலும்

வெளியூரிலிருந்து வருபவர்கள் கல்லடிப் பாலத்தில் நின்றுகொண்டு 'வாவி' என்பார்கள். இங்குள்ள சனங்கள் அதனை 'ஆறு' என்றுதான் சொல்வார்கள். சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்தத் தண்ணீருக்குக் கடலோடு இரண்டு வாசல்களே உண்டு. ஒன்று நகருக்கு அண்மையில் பாலமீன்மடுவில் இருக்கிறது, மற்றையது தெற்கே பெரியகல்லாற்றுப் பக்கம். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை.

யுத்த காலத்தில் இந்த ஆறு ஒரு எல்லையாகவே இருந்தது. 2007 வரை படுவான்கரை ஒரு கட்டுப்பாட்டிலும் எழுவான்கரையின் பெரும்பகுதி இன்னொரு கட்டுப்பாட்டிலும் இருந்தன. நோயாளியைக் கொண்டுபோவதும் நெல்லை விற்பதும் பிள்ளை படிக்கப் போவதும் எல்லாம் துறையைக் கடந்துதான். 2013இல் கல்லடியில் புதிய பாலமும் 2014இல் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டன. கல்லடியின் பழைய இரும்புப் பாலத்தில் இப்போது பின்னேரங்களில் சனங்கள் காற்று வாங்குகிறார்கள், சிலர் தங்கூசியை இறக்கிவிட்டுக் காத்திருக்கிறார்கள். நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறு நுனியில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்பவர்களும் உண்டு.

நான் வேலை செய்யும் படுவான்கரைக் கிராமத்துப் பெண்களுக்கு ஆற்றில் பாட்டுக் கேட்க நேரமில்லை. கணவனை இழந்தவர்களும், கணவன் எங்கே என்று இன்னும் தெரியாதவர்களும் அவர்களில் பலர். கரையோரத்தில் கையால் தடவி இறால் பிடிப்பதும், அத்தாங்கு தள்ளுவதும் அவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். தோணிதான் தெரியாது. அது தகப்பனிடமிருந்து மகனுக்குப் போன அறிவு. மகளை யாரும் தோணியில் ஏற்றிப் பழக்கவில்லை. தகப்பனும் மகனும் இல்லாமற்போன வீடுகளில் தோணி மட்டும் மிஞ்சிக் கிடந்தது. தேவை வந்தபோது பெண்கள் தாமாகவே அதைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள்.

அவர்களுக்குச் சொல்லித் தரக்கூடிய ஒருவரைத் தேடினோம். தொழிலுக்குப் போகும் ஆண்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. கடைசியில் வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். இளம் வயதிலிருந்தே தூண்டிலும் தோணியும் அவருக்குப் பொழுதுபோக்கு. மீன் விற்று அவர் ஒருநாளும் சீவித்ததில்லை. கிண்ணை மர நிழலில் பதினொரு பெண்கள் இருந்தார்கள். "தூண்டில் போடுறத்தப் பிறகு பாப்பம், முதல்ல காத்தப் பாப்பம்" என்றுதான் அவர் தொடங்கினார்.

காலையில் ஆறு கண்ணாடி மாதிரிக் கிடக்கும். வெயில் ஏற ஏறக் காற்று எழும்பும். ஆனி, ஆடியில் வீசும் கச்சான் மேற்கிலிருந்து வருவது. படுவான்கரையிலிருந்து போகும்போது அது முதுகில் தள்ளும், தோணி தானாகவே ஓடுவது போல் இருக்கும். அந்தச் சுகத்தை நம்பக்கூடாது. களைத்துப்போய்த் திரும்பும்போது அதே காற்று முகத்துக்கு எதிரே நிற்கும். ஆகவே கச்சான் நாட்களில் மேற்குக் கரையை ஒட்டியே நிற்க வேண்டும். கரை மறைப்பில் அலையும் குறைவு. தூரம் போகத்தான் வேண்டுமென்றால், போகும்போது காற்றுக்கு எதிராகவும் வரும்போது காற்றோடும் வரும்படி திசையைத் தெரிய வேண்டும். பலம் இருக்கும்போது கஷ்டம், பலம் இல்லாதபோது சுகம் என்பது அவருடைய கணக்கு.

மாரியில் கதை வேறு. மழைவெள்ளம் நிரம்பி முகத்துவாரம் உடைத்துக்கொண்டாலோ, அதை வெட்டிவிட்டாலோ, ஆற்றுத் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும். அந்த நாட்களில் மீனும் இறாலும் அந்தப் பக்கம் அள்ளுப்படும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இழுவையில் அகப்பட்ட சிறு தோணியைத் துடுப்பால் திருப்ப முடியாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழை வரும். இடி காதில் விழுந்த உடனேயே கரைக்கு வந்துவிட வேண்டும். தனித்து நிற்கும் மரத்தடியில் ஒதுங்கவும் கூடாது.

தோணிக்குள் எழும்பி நிற்பதும், எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதும்தான் கவிழ்வதற்குப் பெரிய காரணம். பாரம் ஏற்றிய பிறகு தோணியின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாணாவது இருக்க வேண்டும் என்று கையை விரித்துக் காட்டினார். கவிழ்ந்தால் கரைக்கு நீந்த வெளிக்கிடக்கூடாது. கவிழ்ந்த தோணியும் பெரும்பாலும் மிதக்கும். அதைப் பிடித்துக்கொண்டே கிடக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி வாங்க வசதியில்லாதவர்கள் மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்ரிக் கான்களைத் தோணியில் கட்டி வைக்கலாம். அது பிடித்து மிதப்பதற்கு உதவுமே தவிர அங்கிக்கு ஈடாகாது. பிள்ளைகளை அங்கி இல்லாமல் ஏற்றவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்ததை அங்கிருந்த எவரும் மறக்கவில்லை.

உடுப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொன்னது ஒரு அக்கா. நனைந்த சேலையும் நீளப் பாவாடையும் காலைச் சுற்றிக்கொள்ளும். முழங்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டவேண்டும், அல்லது மகனின் பழைய களிசானைப் போட்டுக்கொண்டு போகவேண்டும் என்றா. "ஆர் என்ன சொன்னாலும் சொல்லட்டும்" என்று சிரித்தா. மற்றவர்களும் சிரித்தார்கள். களிசானோடு ஆற்றில் இறங்கியதற்காகப் பேச்சு வாங்கியவர்கள் அங்கே இருந்தார்கள்.

தண்ணீருக்குள் நடப்பவர்களுக்குத் திருக்கையும் கெளிறும் ஓராவும் பெரிய தொல்லை. காலைத் தூக்கி வைத்து நடக்காமல் சேற்றில் இழுத்து இழுத்து நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். முள் குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். இந்த விசம் சூட்டுக்கு அடங்கும். சூட்டை முதலில் குத்தாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள். குத்திய இடம் வலியில் சூட்டை உணராது. முள் உடைந்து உள்ளே நின்றாலோ, நெஞ்சு வயிற்றுப் பக்கம் குத்தியிருந்தாலோ ஆஸ்பத்திரிக்குத்தான். தூண்டில் முள் ஏறினாலும் இழுத்துப் பிடுங்காமல் அங்கே போய் ஏற்பு ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். பேத்தை மீனை எப்படிச் சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது.

தூண்டிலைப் பற்றி அவர் சொன்னது சுருக்கம்தான். மீன் கிண்ணை வேர்களுக்குள்ளும் பாலத் தூண்களின் ஓரமும் ஒதுங்கும். ஈயம் பாரமாக இருந்தால் இரையைத் தொட்ட உடனே அதற்குச் சந்தேகம் வரும். உயிர் இறாலைவிட நல்ல இரை இந்த ஆற்றில் இல்லை. மீன் நன்றாகக் கடிப்பது விடியற்புறமும் பொழுதுபடும் நேரமும். முதலை நடமாடுவதும் அந்த நேரங்களில்தான். ஆகவே அவ்வேளைகளில் தோணியிலோ உயரமான இடத்திலோ இருந்து போட வேண்டும், இடுப்பளவு தண்ணீரில் நின்று போடக்கூடாது. மீன் குடலைக் கழுவும் துறையில் குளிக்கவும் கூடாது.

கடைசியாக ஒன்றை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எந்த நேரம் திரும்புவது என்பதைத் தோணியில் ஏறுமுன் தீர்மானித்து, கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நடு ஆற்றில் வைத்து முடிவெடுத்தால் 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்றுதான் மனம் சொல்லும். போனைப் பொலித்தீன் பையில் போட்டு முடிந்து கழுத்தில் தொங்கவிட வேண்டும். காற்று மாறினால் பறியில் ஒரு மீன் இல்லாவிட்டாலும் திரும்பிவிட வேண்டும்.

அப்போதுதான் பின்னால் இருந்த ஒருவர் கேட்டா: "சேர், நீங்க வெறுங்கையோட போனா வீட்ட சோறு இருக்கும். நாங்க வெறுங்கையோட போனா பிள்ளையளுக்கு என்னத்தக் குடுக்கிற?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதுக்கு என்னட்ட மறுமொழி இல்ல மகள்" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அவருடைய புத்திமதிகள் எல்லாம் சரிதான். ஆனால் திரும்பி வரக்கூடியவருக்குத்தான் அவை பயன்படும். ஆற்றில் ஆபத்தை எதிர்கொள்ளும் பெண்ணைப் பார்த்து 'கவனமில்லாதவள்' என்று கூட்டங்களில் பேசுகிறோம். அன்றிரவு அவளுடைய வீட்டு அரிசிப் பானை எப்படி இருந்தது என்று நாங்கள் கேட்பதில்லை.

மறுமொழியைப் பெண்களே தேடினார்கள். அவர்களுடைய சங்கத்தில் பிடி அரிசி சேர்க்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து வேறாகப் போட்டு வைப்பார்கள். அதுவரை அது திருவிழாவுக்கும் சாவீட்டுக்கும் போனது. இனிமேல் காற்றுக்குப் பயந்து திரும்பி வந்தவருக்கு அன்றைக்கு அதிலிருந்து இரண்டு கொத்து கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். கடனாகவா, சும்மாவா என்று வாக்குவாதம் நடந்தது. கேள்வி கேட்டவரே "சும்மா வேண்டாம், மீன் பட்ட அண்டைக்குத் திருப்பித் தாறம்" என்றா. கொத்துப் பேணியும் கொப்பியும் துறைக்குக் கிட்ட இருக்கும் வீட்டில் வைக்கப்பட்டன. ஆற்றுக்குப் போகிறவர்கள் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போவதும் அந்த வீட்டில்தான்.