டப்பாவும் சரக்கும்

என் அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிஸ்கோத்து டப்பாவில் கடுகு இருக்கும். ஹார்லிக்ஸ் புட்டியில் உப்பு இருக்கும். பவுடர் டின்னில் ஊசியும் நூலும் இருக்கும். "மேலே எழுதியிருக்கிறதை நம்பாதே, திறந்து பாரு" என்பாள். இந்தத் தத்துவத்தின் முழு அர்த்தமும் எனக்கு ஒரு பிலிம் சுருளால்தான் விளங்கிற்று.

1974-ம் வருஷம். தங்கையின் கல்யாணத்துக்குச் சிநேகிதர் ஒருவரிடம் காமிராவை இரவல் வாங்கிவிட்டேன். பிலிமை யார் இரவல் கொடுப்பார்கள்? விலையைக் கேட்டதும் தலை சுற்றிற்று. சென்னையில் ஒரு கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே நிலவரத்தைப் புரிந்துகொண்டு, மேஜைக்குள்ளிருந்து ஓர் அலுமினிய டப்பியை எடுத்து வைத்தார். விலை பாதிதான். டப்பியின்மேல் ஒரு கம்பெனியின் பெயர். உள்ளே இருந்த உருளையில் வேறொரு கம்பெனியின் பெயர். அதன்மேல் ஒட்டிய சீட்டில் பென்சிலால் '36'.

"சினிமாத் துண்டு சார், படம் நன்றாக விழும்" என்றார்.

சினிமாக்காரர்கள் 400 அடி, 1,000 அடி என்று பிலிம் வாங்குவார்கள். அடுத்த காட்சிக்குப் போதாமல் மிஞ்சும் துண்டை, யாரோ இருட்டறையில் ஐந்தடிச் சொச்சமாக நறுக்கிப் பழைய உருளைக்குள் சுற்றிவிடுவார். இதைப் பித்தலாட்டம் என்று சொல்ல மாட்டேன். 1925-ல் வெளிவந்த லைகா காமிராவே சினிமா பிலிமை நம்பிச் செய்யப்பட்டதுதானே!

உருளையின் வெல்வெட் வாய் தேய்ந்திருந்தது. வெளிச்சம் புகுந்து, மாப்பிள்ளை முகத்தில் வெள்ளைக்கோடு போட்டுவிட்டது. தங்கை ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. சுருளின் உள்வட்டத்தில் இருந்த கடைசிப் படம் மட்டும் பழுதில்லாமல் தப்பியது. சமையற்கட்டு வாசலில், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அம்மா நிற்கிறாள்.

மறு வருஷம் அவள் போய்விட்டாள். அவளுக்கு வேறு படம் கிடையாது.

பின்னொரு நாள் நெகடிவை வெளிச்சத்தில் பிடித்தபோது, ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஓர்வோ' என்றிருந்தது. கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபன் நகரத்துச் சரக்கு! அது பழைய ஆக்ஃபா தொழிற்சாலை. யுத்தத்துக்குப் பிறகு நாடு இரண்டானதுபோல் ஆக்ஃபாவும் இரண்டாயிற்று. 1964-ல் கிழக்கே இருந்தவர்கள் 'அசல் வோல்ஃபன்' என்று அர்த்தம் வரும்படி இந்தப் புதுப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். 1990-ல் அந்தத் தேசமே மறைந்துபோயிற்று. அம்மாவின் முகம் மட்டும் அந்தப் பிலிமில் அப்படியே இருக்கிறது.

அந்த அலுமினிய டப்பியும் இருக்கிறது. அதை எறிய அவள் சம்மதிக்கவில்லை. இன்றைக்கும் திறந்தால் பெருங்காய வாசனை அடிக்கிறது.