ஓரடி இடம்

டோம்பிவிலியில் காலை நேரத்தில் மின்சார ரயில் ஏறுவது ஒரு சிறு போர். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், கல்லூரிக்குப் புறப்பட்ட நான் எப்படியோ முண்டியடித்து உள்ளே புகுந்துவிட்டேன். எனக்குப் பின்னால் வாசற்கம்பியைப் பற்றித் தொத்திக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், ஓரடி உள்ளே நகரும்படி மராத்தியில் கேட்டார். நகர இடம் இருந்தது. ஆனால் நகர்ந்தால் வாசற்காற்று போய்விடுமே! காதில் விழாதவன்போல் நின்றேன். வண்டி புறப்பட்டது. ஈரக் கம்பியில் அவர் பிடி வழுக்கிற்று, நடைமேடையிலேயே விழுந்துவிட்டார். உயிருக்கு அபாயமில்லை, கைதான் முறிந்தது என்று மறுநாள் நிலையத்தில் விசாரித்து அறிந்தேன்.

நடந்ததை வீட்டில் சொன்னபோது பாட்டி என் தலையைத் தடவி, "அது அவன் தலையெழுத்து, கண்ணா. ஆண்டவனுக்குத் தெரியாமலா நடந்தது?" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கோ அதுவே புதிய தொல்லையாயிற்று. நான் நகரமாட்டேன் என்பது ஆண்டவனுக்கு முன்பே தெரியுமென்றால், என்னால் நகர்ந்திருக்கத்தான் முடியுமா? முடியாதென்றால் என் மேல் குற்றம் ஏது?

ஆறாம் நூற்றாண்டில், மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்த போயீத்தியஸ் என்ற ரோமானிய அறிஞரும் இதே கேள்வியை ஆராய்ந்தார். ஒருவன் நடப்பதையும் சூரியன் உதிப்பதையும் நாம் ஒருங்கே காண்கிறோம். நாம் காண்பதனால் அவன் நடப்பதில்லை. தன் விருப்பத்தால் நடக்கிறான். கடவுளுக்கு நேற்று, இன்று, நாளை என்பதில்லை. யாவற்றையும் ஒரே நோக்கில் காண்கிறார். காண்பது வேறு, செய்விப்பது வேறு என்பது அவர் விடை.

நம் வள்ளுவரோ 38ஆம் அதிகாரத்தில் ஊழைவிட வலியது எதுவுமில்லை என்கிறார். 62ஆம் அதிகாரத்தில் தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்கிறார். இது முரண்பாடு என்று வகுப்பில் நானே வாதாடியிருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. காரணம் என் பாட்டிதான். நான் தேர்வில் மதிப்பெண் குறைந்து வந்தால் அவள் தலையெழுத்தைப் பேசுவதே இல்லை, "படித்தாயா?" என்றுதான் கேட்பாள்! விதி என்பது அவளுக்குப் பிறர் துயரைத் தேற்றும் மருந்து. செய்யவேண்டியதைச் செய்யாதவனுக்கு அவள் அதைக் கொடுப்பதில்லை. அன்று மட்டும், நான் முழு உண்மையையும் சொல்லாததால், எனக்கும் கொடுத்துவிட்டாள்.

நண்பர்களே, கடவுள் உண்டென்போரும் இல்லையென்போரும் நம்மில் இருக்கிறோம். அவர் எப்படி அறிகிறார் என்பதை நான் தீர்த்துவிட்டதாகச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய அறிவை என் குற்றத்துக்குத் திரையாகப் பிடிக்கக்கூடாது என்பது மட்டும் தெளிந்தது. அன்றிரவு பாட்டியிடம் முழுவதையும் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு நகர்ந்து நில்" என்றாள்.

மறுநாள் உள்ளே நகர்ந்து நின்றேன். நான் நகர்வேன் என்பதை ஆண்டவன் முன்பே அறிந்திருக்கலாம். நகர்ந்தது நான்தான்.