ஒரே குழி, இரண்டு காசு

எங்கள் விருதுநகர் மாவட்டத்து ஆமத்தூர்ப் பக்கம் பத்து ரூபாய் நாணயம் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. பெட்டிக்கடையில் வாங்க மறுத்தார்கள். பஸ்ஸில் திருப்பிக் கொடுத்தார்கள். பயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலையில் வாரமெல்லாம் மருந்துத் தூசியில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒரு பெண், சம்பளத்தில் வந்த காசை நீட்டும்போது "இது செல்லாதும்மா" என்று சொன்னால், காசோடு சேர்த்து அவள் உழைப்பையும் அல்லவா தள்ளிவிடுகிறோம்?

"ஒண்ணுல பதினஞ்சு கோடு இருக்கு, இன்னொண்ணுல பத்துதான் இருக்கு. ரெண்டுல ஒண்ணு கள்ளக்காசு" என்பதுதான் எல்லாரும் சொன்ன காரணம். உண்மையில் இரண்டும் நல்ல காசு. ரூபாய்க்கான புதிய குறியீடு 2010இல் வந்தது. 2011இலிருந்து நாணயத்தில் ஏறியது. குறியீடு இல்லாத பழைய காசில் 15 கோடு, குறியீடு உள்ள புதிய காசில் 10 கோடு. அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வந்திருப்பதாகவும் அத்தனையும் செல்லும் என்றும் 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. அதற்குப் பிறகும் தயக்கம் தீர வெகுகாலம் பிடித்தது.

காசு அடிக்கும் அக்கசாலைக்கு அக்கசாலை குறியும் மாறும். ஆண்டு எண்ணுக்குக் கீழே பார்த்தால் மும்பைக் காசில் வைரக் குறி, ஐதராபாத் காசில் நட்சத்திரம், நொய்டா காசில் புள்ளி இருக்கும். கொல்கத்தா காசில் குறியே இருக்காது. நம் விருதுநகரில் பிறந்த காமராஜரின் நூற்றாண்டுக்கு அவர் முகத்தோடு 5 ரூபாய் நாணயம் வந்தது. மற்ற ஐந்து ரூபாயிலிருந்து அது மாறித்தான் இருந்தது. அதற்காக அதைப் பொய் என்போமா? மாறி இருப்பதையெல்லாம் சந்தேகப்படுவது மனித சுபாவம். காசை ஆராய்கிறவர்கள் வேறொன்றைத் தேடுகிறார்கள். ஒத்துப்போக வழியே இல்லாத இடத்தில் இரண்டு காசுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள்.

சிவகாசி அச்சகங்களில் எம்பாசிங் டை போட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். டையில் கீறல் விழுந்தால் அட்டையில் அது மேடாக எழும். காசிலும் அதே கதைதான். அச்சு விரிசல் விட்டால் காசின் மேல் மெல்லிய வரம்பு எழும்பும். அந்த அச்சில் அடித்த காசுகளிலெல்லாம் அது வரும். அது பிறவி மச்சம். குழிகள் அப்படியல்ல. அக்கசாலையை விட்டு வெளியேறிய காசு மூட்டையில் இடிபடுகிறது, கல்லில் விழுகிறது, கல்லாப்பெட்டியில் உரசுகிறது. ஒரு காசு பட்ட அடி இன்னொன்றுக்கு அதே இடத்தில், அதே அளவில் விழாது.

கள்ளக்காசு அடிப்பவன் பெரும்பாலும் ஒரு நல்ல காசை வைத்தே தன் அச்சைச் செய்கிறான். அந்தக் காசு பட்ட அடிகளும் அச்சில் ஏறிவிடுகின்றன. அவனிடம் விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய் இருந்து, ராணியின் கன்னத்தில் ஒரு குழியும் இருந்தால், அவன் அடிக்கிற ஒவ்வொரு காசிலும் ராணிக்கு அதே குழிதான். தனியாகப் பார்த்தால் அசலைப் போலவே தெரியும். இரண்டை அருகருகே வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் குட்டு வெளிப்படும். எடையும் உதவும்: அசல் விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், அதில் வெள்ளி நூற்றுக்கு 91.7 பங்கு. வார்ப்பில் ஊற்றிய போலியென்றால் மேலே காற்றுக் குமிழியும் விளிம்பில் ஒட்டுக்கோடும் காட்டிக்கொடுக்கும். 1940இல் ரூபாயில் வெள்ளியை நூற்றுக்கு 50 பங்காகக் குறைத்தபோது, போலியைத் தடுப்பதற்காகவே அரசு விளிம்பில் தனி வேலைப்பாட்டைச் சேர்த்தது.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. சங்க காலத்தில் காசின் தரம் பார்த்தவர்கள் வண்ணக்கர்கள். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் போன்றவர்கள் புலவர்களாகவும் இருந்தார்கள். காசை எடைபோட்ட கண்தான் சொல்லையும் எடைபோட்டது.

அந்தக் கண் இன்று நமக்கு மிகவும் தேவை. ராமர், அனுமன் உருவத்தோடு, கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818 என்ற ஆண்டும் பொறித்த செப்புக்காசுகளைக் காட்டி ஊர் ஊராக ஏமாற்றுகிறார்கள். அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டில் கோடி கொடுப்பார்கள் என்று ஆசை காட்டுகிறார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. தன் ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி நாணயத்தைக் கம்பெனி கொண்டுவந்ததே 1835இல்தான். எந்த ஊர் வழக்கை எடுத்தாலும் அதே அரிசி, அதே இரிடியம், அதே வெளிநாட்டுக்காரர், அதே முன்பணம். ஆள் மாறினாலும் கதையில் விழுந்த குழி மாறுவதில்லை.

பிள்ளைகளே, பேச்சையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பத்து ரூபாய் வதந்தியும் கடைக்குக் கடை, வார்த்தை பிசகாமல் வந்தது. சொன்னவர்களில் ஒருவராவது வங்கிக்குப் போய் விசாரித்தாரா? ஒருவரைப் பற்றி நான்கு பேர் ஒரே சொல்லில் குறை சொன்னால் நான்கு சாட்சி என்று எண்ணாதீர்கள். நேரில் கண்டவர் யார் என்று கேளுங்கள். நேரில் கண்ட நான்கு பேர் நான்கு விதமாகத்தான் சொல்வார்கள். ஒருவர் விட்டதை இன்னொருவர் சொல்வார். அனுபவப்பட்டவர் பேச்சில் அவர் பட்ட அடி இருக்கும். மாறி இருப்பதெல்லாம் போலி அல்ல; வேற்றூரிலிருந்து வந்த மருமகளையும், வேறு பாஷை பேசும் தொழிலாளியையும் நம்மைப் போல் இல்லை என்பதற்காகவே ஒதுக்காதீர்கள். அவர்கள் வேறு அக்கசாலைக் காசு, அவ்வளவுதான்.

போலிகளின் பட்டியலை மனப்பாடம் செய்து யாரும் தேர்ந்ததில்லை. நாளைக்கே புதிதாக ஒன்று வரும். நல்ல காசைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நல்ல மனிதர்களோடு நெடுநாள் பழகுங்கள். அசல் பழகிவிட்டால் பொய் வரும்போது மனசு தானாக நெருடும். அப்போதும் அவசரப்பட்டு யாரையும் கள்ளன் என்று சொல்லிவிடாமல், இன்னொரு காசை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.