கடிகாரத்திற்கு நேரம் சொல்வது யார்?

உங்கள் இல்லத்தில் எத்தனை கடிகாரங்கள் உள்ளன என்று எப்போதேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? கூடத்துச் சுவரில் ஒன்று, கையில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று, மேசைமேல் உள்ள கணினிக்குள் ஒன்று. அவை யாவும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றனவா? ஒருநாள் பொறுமையாக நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று முந்தும், மற்றொன்று பிந்தும். பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் செல்வதற்கு இவ்வேறுபாடு பெரிதன்று. ஓரிரு நிமிடங்களை நாம் ஒருவருக்கொருவர் மன்னித்து விடுகிறோம். ஆனால், விநாடியில் நூற்றில் ஒரு பங்கையும் மன்னிக்க இயலாத தேவை ஒன்று எங்கள் இல்லத்திற்கு வந்து சேர்ந்தது. அதனால் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கல்லூரியில் பயிலும் என் மகனுக்கு வானநூலில் ஆர்வம் மிகுதி. நிலா தன் வழியில் செல்லும்போது சிற்சில வேளைகளில் ஒரு விண்மீனை மறைத்துவிடும். நிலாவில் காற்று மண்டலம் இல்லாமையால், அவ்விண்மீன் மெல்ல மங்குவதில்லை. விளக்கை அணைத்தாற்போலச் சட்டென்று மறைகிறது. அக்கணத்தைத் துல்லியமாகக் குறித்து அனுப்பும் ஆர்வலர்கள் பல நாடுகளிலும் இருக்கின்றனர். நிலாவின் ஓட்டத்தையும் அதன் விளிம்பின் மேடுபள்ளங்களையும் ஆராய்வோர்க்கு அக்குறிப்புகள் உதவுகின்றன. நிலா விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் விரைவில் செல்வது. ஆகவே நேரத்தில் பத்தில் ஒரு விநாடி பிழைத்தால், கணக்கில் நிலாவின் விளிம்பு ஏறத்தாழ 100 மீட்டர் தள்ளிப்போகும். பிழையான நேரத்தோடு எழுதிய குறிப்பால் எவருக்கும் பயனில்லை. தவறிய கணமோ மீண்டும் வாராது.

மகனிடம் சிறியதொரு தொலைநோக்கி உண்டு. அதில் பொருத்திய கேமரா கணினியோடு இணைந்துள்ளது. ஒவ்வொரு படத்தின் மீதும் கணினி தன் நேரத்தைப் பதித்துவிடும். இதை அவன் விளக்கிக் கொண்டிருந்தபோது, சாய்வு நாற்காலியில் இருந்த என் தந்தையார் கேட்டார்: “அந்தக் கணினிக்கு நேரம் சொல்வது யார், தம்பி?”

என் தந்தையார் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அகவை எண்பத்தாறு. என் அன்னையார் மறைந்தபின் அவர் பேச்சு மிகவும் குறைந்து போயிற்று. உணவுக்கு அழைத்தால் வருவார், செய்தித்தாளைப் புரட்டுவார், அவ்வளவே. அவர் தாமாக முன்வந்து ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன.

“அது தானாகவே காட்டும், தாத்தா” என்றான் மகன்.

“தானாகச் சரியான நேரம் காட்டும் கடிகாரத்தை நான் என் பணிக்காலம் முழுவதும் கண்டதில்லை” என்றார் அவர்.

நாள்தோறும் நான்கு மணி

பின்பு அவரே விளக்கினார். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிரே வண்டிகள் வரும்போது, இரு நிலையங்களின் கடிகாரங்களும் ஒத்திருத்தல் வேண்டும். ஆதலால், நாள்தோறும் 16 மணிக்கு, அதாவது மாலை நான்கு மணிக்கு, முக்கிய நிலையங்கள் அனைத்திற்கும் நேரச் சைகை அனுப்பப்பட வேண்டும் என்பது இந்திய ரயில்வேயின் பொது விதிகளுள் ஒன்று. சைகை வந்ததும் நிலையக் கடிகாரத்தை அதனோடு ஒப்பிட்டு, எத்தனை விநாடி முந்தியது, எத்தனை விநாடி பிந்தியது என்று நாட்குறிப்பில் எழுதுவாராம். கார்டும் ஓட்டுநரும் தம் கைக்கடிகாரங்களை நிலையக் கடிகாரத்தோடு ஒத்திட்டுக் கொள்வார்களாம்.

இவ்வழக்கம் நம் மண்ணுக்குப் பழமையானது. 1792இல் சென்னையில் அமைந்த வானாய்வு நிலையத்தின் நேரமே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்களின் பொது நேரமாக விளங்கியது. 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னை நேரத்தைவிட அஃது ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முந்தியது.

தந்தையாரின் கேள்வி மகனைச் சிந்திக்க வைத்தது. கணினிக்குள் இருப்பதும் கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற ஒரு குவார்ட்ஸ் படிகமே. விநாடிக்கு 32,768 முறை அதிரும்படி அது செதுக்கப்பட்டுள்ளது. ஆயினும் வெப்பம் ஏறினால் ஒரு விதமாகவும், குளிர்ந்தால் வேறு விதமாகவும் அதிரும். பத்து இலட்சத்தில் இருபது பங்கு பிழைத்தாலும் ஒரு நாளில் 1.7 விநாடி வேறுபடும். கடந்த மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் மூன்று நாள் இணையம் இல்லாமற் போயிற்று. நான்காம் நாள் பார்த்தால் கணினி ஏழு விநாடி பின்தங்கியிருந்தது!

இணையம் இருக்கும்போது கணினி பிற கணினிகளிடம் நேரத்தைக் கேட்டு அறிகிறது. இதற்கென வகுக்கப்பட்ட என்.டி.பி. என்னும் நெறிமுறையை உருவாக்கியவர், அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். கண்ணழுத்த நோயோடு பிறந்த அவர், முதுமையில் பார்வையை முற்றும் இழந்து, 2024 ஜனவரியில் தம் 85ஆம் அகவையில் காலமானார். உலகின் கணினிகளெல்லாம் நேரத்தைப் பார்ப்பதற்கு வழி செய்தவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்க்க இயலாதவராய் மறைந்தார் என்பது நெஞ்சை நெகிழ்விப்பதாகும்.

மில்ஸ் வகுத்த முறையில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே கடிகாரத்தை மட்டும் கேட்டால், அது பிழைபடுவதை நாம் அறியவே மாட்டோம். இரண்டைக் கேட்டு அவை முரண்பட்டால், எது பிழை என்று தெரியாது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கடிகாரங்களைக் கேட்டால், ஒத்துச் சொல்வோர் பக்கம் நிற்கலாம். தனித்துப் பிறழ்வதை விலக்கலாம். எனினும் எங்களுக்கு அதுவும் போதவில்லை. கேள்வி செல்வதற்கும் விடை வருவதற்கும் ஒரே கால அளவு ஆவதாகக் கொண்டே கணினி கணக்கிடுகிறது. கைப்பேசி வழியே வரும் இணையத்தில் போக்கும் வரவும் ஒத்திருப்பதில்லை. அதனால் விநாடியில் நூற்றில் சில பங்கு பிழை புகுந்துவிடுகிறது. மழை வந்தால் இணையமே போய்விடுகிறது.

வானிலிருந்து வரும் துடிப்பு

எனவே நாங்கள் வானத்தை நாடினோம். பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. அவற்றுள் அணுக்கடிகாரங்கள் உள்ளன. “இப்போது நேரம் இது, நான் இருக்கும் இடம் இது” என்று ஒவ்வொன்றும் ஓயாது அறிவித்துக் கொண்டே செல்கிறது. ஒளியின் விரைவில் வரும் அவ்வறிவிப்பு நம்மை அடைய விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்பைக் கேட்டால், ஒரு சிறு கருவி தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுவிடும். வழி காட்டும் பொறி என்றே நாம் இதனை அறிவோம். உண்மையில் நேரத்தைக் கொண்டே அது இடத்தை அறிகிறது. மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு பிழைத்தாலே 300 மீட்டர் தூரம் பிழைத்துவிடும்.

சில நூறு ரூபாய்க்கு இக்கருவி கிடைக்கிறது. தீப்பெட்டி அளவேயுள்ள அப்பலகையில் ஐந்து முனைகளைப் பற்றவைத்து, ‘ராஸ்பெர்ரி பை’ என்னும் சிறு கணினியோடு மகன் இணைத்தான். திறந்த வானம் தெரிய வேண்டுமாதலால் ஆன்டெனாவை மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரில் வைத்தோம். அடியில் உலோகத் தகடு இருந்தால் நன்று என்றான். என் மனைவி முறுக்கு டின்னின் மூடியைத் தியாகம் செய்தாள்!

கருவியிலிருந்து இரண்டு செய்திகள் வருகின்றன. முதலாவது, எழுத்தாக வரும் வரி. இன்ன நாள், இன்ன மணி, இன்ன விநாடி என்று அது கூறும். ஆனால் அந்த வரி வந்து முடியவே 70 மில்லி விநாடி ஆகிவிடும். சில வேளை அதனினும் தாமதமாகும். இரண்டாவது, விநாடிக்கு ஒருமுறை ஒரு தனிக் கம்பியில் வரும் மின்துடிப்பு. அத்துடிப்பு நாளையோ மணியையோ கூறாது. ஒரு விநாடி பிறக்கும் கணத்தை மட்டும், ஒரு மைக்ரோ விநாடிக்கும் மிகக் குறைந்த பிழையோடு, தட்டிச் சொல்லும். எழுத்து எந்த விநாடி என்பதைச் சொல்கிறது. துடிப்பு எப்போது என்பதைச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தாலன்றி நேரம் கிட்டாது.

கருவி செயற்கைக்கோள்களைக் கண்டுகொண்டதும் அதிலுள்ள சிறு விளக்கு விநாடிக்கு ஒருமுறை சிமிட்டத் தொடங்கிற்று. என் தந்தையார் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு அதனையே நோக்கியிருந்தார்.

மென்மையாகத் திருத்துதல்

‘குரோனி’ என்னும் மென்பொருள் இவ்விரு செய்திகளையும் பெற்றுக் கணினியைத் திருத்துகிறது. அது திருத்தும் முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தொடக்கத்தில் பெரும் பிழை இருந்தால் ஒரே தடவையில் மாற்றும். அதன்பின் ஒருபோதும் முள்ளைப் பின்னோக்கித் திருப்புவதில்லை. அவ்வாறு திருப்பினால், பின்னர் நிகழ்ந்தது முன்னர் நிகழ்ந்ததாகப் பதிவாகிக் குழப்பம் விளையும். கடிகாரம் முந்தியிருந்தால் அதன் நடையைச் சற்றே தளர்த்தும்; பிந்தியிருந்தால் சற்றே விரைவுபடுத்தும். மேலும், இப்படிகம் இவ்வளவு பிறழும் இயல்புடையது என்பதையும் கற்றுக் குறித்து வைத்துக்கொள்ளும். செயற்கைக்கோள் சிறிது நேரம் எட்டாமற் போனாலும், அந்த அறிவைக் கொண்டே நெறிபிறழாது நடத்தும். ஒரு வாரத்தில் எங்கள் சிறு கணினி ஐந்து மைக்ரோ விநாடிக்குள் நின்றது. தொலைநோக்கியின் கணினி அதனிடம் வீட்டுக்குள்ளேயே கம்பி வழியாக நேரத்தைக் கேட்டறிந்து, ஒரு மில்லி விநாடிக்குள் ஒத்து நடந்தது.

கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. பூமியின் சுழற்சி சீரானதன்று. ஆதலால் 1972 முதல் 2016 முடிய 27 தடவை உலக நேரத்தில் ஒரு விநாடி கூட்டப்பட்டது. 1980இல் தொடங்கிய ஜி.பி.எஸ். நேரம் அவ்வாறு கூட்டுவதில்லை. அதனால் உலக நேரத்தைவிட 18 விநாடி முந்தியுள்ளது. இவ்வேறுபாட்டையும் செயற்கைக்கோள் அறிவிக்கிறது. ஆனால் அறிவிப்பு முழுவதும் வந்து முடிய 12 1/2 நிமிடம் ஆகும். எனவே விழித்தெழுந்த கருவியைக் கால்மணி நேரமாவது கழித்தே நம்ப வேண்டும். இத்தகைய திருத்தம் நமக்குப் புதியதன்று. திருத்தந்தை 13ஆம் கிரகோரியார் 1582இல் நாட்காட்டியைச் சீர்ப்படுத்தியபோது, அக்டோபர் 4ஆம் நாளுக்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. வானம் ஒன்று சொல்ல, ஏடு வேறொன்று சொன்னால், திருத்த வேண்டியது ஏட்டைத்தான் அல்லவா?

“சரி, அந்தச் செயற்கைக்கோளுக்கு நேரம் சொல்வது யார்?” என்று மீண்டும் கேட்டார் தந்தையார். தரையிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தார் அவற்றைக் கண்காணித்து, பிழையின் அளவை அவ்வப்போது அனுப்புகின்றனர் என்றான் மகன். உயரத்திலும் வேகத்திலும் செல்வதால் அக்கடிகாரங்கள் நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி முந்தும் இயல்புடையவை. ஐன்ஸ்டைனின் கோட்பாட்டின்படி அதற்கும் முன்கூட்டியே ஈடு செய்யப்பட்டுள்ளது.

“தரையில் உள்ளவர்க்குச் சொல்வது யார்?”

இதற்கு விடை தேடியபோது நான் பெரிதும் வியந்தேன். உலகத்திற்கென்று தலைமைக் கடிகாரம் ஒன்றும் இல்லை! பாரிசுக்கு அருகிலுள்ள பன்னாட்டு எடை-அளவு நிலையம், பல நாட்டு ஆய்வகங்களின் பல நூறு அணுக்கடிகாரங்களை ஒப்பிட்டுச் சராசரி காண்கிறது. புதுதில்லியிலுள்ள நம் தேசிய இயற்பியல் ஆய்வகமும் அதிற் பங்கு பெறுகிறது. ஒவ்வொரு நாட்டின் கடிகாரமும் எவ்வளவு முந்தியிருந்தது, எவ்வளவு பிந்தியிருந்தது என்பதை அந்நிலையம் மாதந்தோறும் அறிவிக்கிறது. யாவரும் தத்தம் பிழையை அறிந்து திருத்திக் கொள்கின்றனர். சரியான நேரம் என்பது எவர் ஒருவரிடமும் இல்லை. அனைவரும் ஒருவரையொருவர் ஒத்துப் பார்ப்பதில் அது பிறக்கிறது.

தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின், “அப்படியானால் நாட்குறிப்பு எழுதியது வீண் போகவில்லை” என்றார்.

மறுநாள் முதல் மாலை நான்கு மணிக்கு அவர் தம் பழைய கைக்கடிகாரத்தோடு கணினியின் முன் அமர்கிறார். பேரன் விநாடிகளை வாசிக்க, இவர் கோடிட்ட நோட்டில் எழுதுகிறார்: ‘கூடத்துக் கடிகாரம், 40 விநாடி பின். கைக்கடிகாரம், 6 விநாடி முன்.’ பக்கத்து வீட்டாரும் இப்போது அவரிடம் மணி கேட்கின்றனர். விண்மீன் மறைவை முதன்முறை மேகம் மூடிவிட்டது. இரண்டாம் முறை மகன் அதனைப் பதிவு செய்தான். அந்நேரத்தை நோட்டில் எழுதியவர் தாத்தாவே.

வாசக அன்பர்களே, எல்லா வீட்டிலும் செயற்கைக்கோள் கருவி வேண்டுமென்று நான் கூறவில்லை. ஆனால், பிழையே செய்யாத கடிகாரம் உலகில் எங்கும் இல்லை என்பதை இதனால் தெளிந்தேன். தன் பிழை எவ்வளவு என்று அறிந்த கடிகாரத்தை நம்பலாம்; பிறரிடம் கேட்க நாணாத கடிகாரத்தை நம்பலாம். ஒரே கூரையின்கீழ் வாழும் நம்முள்ளும் ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார். நாளில் ஒரு வேளையேனும் கூடி அமர்ந்து ஒத்துப் பார்த்துக் கொள்வோம். திருத்தும்போது குரோனியைப் போல் மெல்லத் திருத்துவோம். நம் வீட்டு மூலையில் பேசாது அமர்ந்திருக்கும் முதியவரிடமும் ஒருமுறை மணி கேட்போம்.